மூன்றாவது பிரதி

9 செப்டம்பர் 2024, திங்கள்

காது மெஷின் கம்பெனி ஒன்று புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக மேசை டிராயரில் வெள்ளையாகவே கிடந்தது. இன்று புது சர்வர்கள் இரண்டும் வந்து இறங்கின. ஏதாவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

அக்டோபரோடு எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. இந்தச் செவித்திறன் மையத்தில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அங்கயற்கண்ணி என்ற நான் ஒருத்திதான். இருபத்தாறு வருட வேலை. போகிறவள் அப்படியே போட்டுவிட்டுப் போனாள் என்று பெயர் வரக் கூடாது.

இங்கே வரும் ஒவ்வொரு குழந்தையின் குரலையும் முதல் நாளே பதிவு செய்துவிடுவோம். காது கேளாத பிள்ளை போடும் வெறும் சத்தம் ஒன்று. மெஷின் மாட்டி, பயிற்சி கொடுத்து, மாதங்கள் கழித்து வரும் முதல் சொல் ஒன்று. 'முதல் குரல்' என்று அதற்குப் பெயர். 1998 முதல் பதினோராயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். எல்லாம் ஒரே ஒரு கிழட்டு சர்வரில் இருக்கிறது. அது படுத்தால் எல்லாம் போச்சு.

புதியவற்றில் பெரியது அக்கா, சின்னது தங்கச்சி. பெயர் நான் வைத்ததல்ல. எலக்ட்ரானிக்ஸ் டெக்னீசியனாக இருந்த ஞானசிகாமணி 2004இல் முதல் சர்வருக்கு அக்கா என்று பெயரிட்டார். "தங்கச்சி பின்னாடி வருவா மேடம்" என்றார். இருபது வருடம் கழித்து வந்திருக்கிறாள். பார்க்க அவர் இல்லை. 2021இல் ரிடையர் ஆகிவிட்டார்.

13 செப்டம்பர், வெள்ளி

பழைய சர்வரிலிருந்து அக்காவுக்கு எல்லாம் ஏறிக்கொண்டிருக்கிறது. மெதுவில் ஆமையே தோற்றது.

20 செப்டம்பர், வெள்ளி

இன்று சோதனை. அக்காவில் ஏறுவது எதுவானாலும் ஐந்து நிமிடத்தில் தங்கச்சியிலும் ஏறிவிடும்படி அமைத்தாயிற்று. டைரக்டர் டாக்டர் செண்பகராமன் பார்க்க வந்தார். அவர் கண் முன்னால் அக்காவின் மின் இணைப்பைப் பிடுங்கினேன். நாற்பது நொடி. தங்கச்சி எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டாள். வெளியே டாக்டர்களுக்கு ஒன்றும் தெரியவே இல்லை. டைரக்டர், "பரவாயில்லையே" என்றார். இருபத்தாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு இதுதான்.

பெருக்க வந்த பேச்சியம்மாள் துடைப்பத்தோடு நின்று கேட்டாள். "அக்கா போயிட்டா தங்கச்சி வந்துருவாளாக்கா? எங்க ஊர்ப் பக்கத்து ரெண்டாந்தாரக் கதையால்ல இருக்கு."

ஞானம் சார் இருந்தால் இதிலும் ஒரு நொட்டை சொல்லியிருப்பார். "ரெண்டு பத்தாது மேடம். மூணாவதா ஒரு காப்பி வேணும். அதுல வயரே மாட்டியிருக்கக் கூடாது." இதையே பாட்டாகப் படித்துக்கொண்டிருப்பார். அவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

27 செப்டம்பர், வெள்ளி

அக்காவும் தங்கச்சியும் தானாக ஓடுகிறார்கள். எனக்குத்தான் வேலை இல்லை. வேலை இல்லாதபோது பழசெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

2003 முதல் 2006 வரை கேசட்டில் இருந்த குரல்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம், நானும் ஞானம் சாரும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம். அதில் குறுக்கு வழி கிடையாது. மதியச் சாப்பாடும் அந்த அறையிலேதான். நான் மோர் மிளகாய் கொண்டுபோவேன். அவர் விருதுநகர்ச் சேவு கொண்டுவருவார். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எங்கள் காதில் கத்தினார்கள். சில பிள்ளைகளின் முதல் சொல் வரும்போது இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிடுவோம். அந்தக் கேசட்டுகள் பிறகு பூஞ்சை பிடித்துப் போய்விட்டன.

மூன்று வருடமும் அந்த அறையில் ஏசி கிடையாது. ஏன் குறையாகவே தெரியவில்லை என்று இன்று யோசித்தேன். வயது குறைவு, அதனால் இருக்கும்.

3 அக்டோபர், வியாழன்

உசிலம்பட்டிப் பெண் பொன்சித்ரா வந்தாள். 1999இல் இரண்டரை வயதில் நெஞ்சில் பெரிய மெஷினைக் கட்டிக்கொண்டு வந்தவள். இப்போது திருமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டு, கையில் பதினாலு மாதப் பையன். அவனுக்கும் காது கேட்கவில்லை. உள்ளே வைக்கும் கருவிக்கு ஆபரேஷன் செய்தால் நன்றாக வரும் என்கிறார் டாக்டர். வயது ஏற ஏறப் பலன் குறையும். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை.

"'தானா பேசுவான், எதுக்கு மண்டையக் கீறணும்'ங்கிறாங்க மேடம். நானும் இவன மாதிரிதான் இருந்தேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. நான் நல்லாப் பேசுறேன்ல, அதான். என் முதல் குரல் இருக்குல்ல? அத அவங்க கேக்கணும்."

இருபத்தொன்றாம் தேதி மாமியாரைக் கூட்டிவருகிறாளாம். அன்றைக்கும் மறுத்துவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும் என்றாள். அப்போதே தேடி எடுத்திருக்கலாம். "பூஜை முடியட்டும்மா, எடுத்து வைக்கிறேன்" என்று அனுப்பினேன்.

9 அக்டோபர், புதன்

ஆயுத பூஜைக்கு மையம் முழுக்க ஒட்டடை அடிப்பு. உடைந்த நாற்காலி, பழைய மானிட்டர், கிழட்டு சர்வர் எல்லாம் காயலான் கடை வண்டியில் ஏறின. நோயாளிகள் விவரம் வெளியே போகக் கூடாது என்பது விதி. சர்வரை முழுக்க அழித்துத்தான் அனுப்பினேன். ஒரு நாற்காலியை மட்டும் ஏற்ற வேண்டாம் என்றேன். ஒரு கால் ஆடுகிறது, ஆனால் உட்காரலாம். "ஞானம் சார் சேராக்கா?" என்றாள் பேச்சி. வேலையைப் பார் என்றேன்.

அறை பளிச்சென்று இருந்ததும் சர்வருக்குள்ளும் குப்பை கூட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'முதல் குரல்' இரண்டு பெட்டிகளாக இருந்தது. ஒன்றின் பெயர் 'பழசு'. இரண்டிலும் ஒரே பெயர்கள், ஒரே எண்ணிக்கை. இட மாற்றத்தில் இரட்டையாகியிருக்கிறது. பழசைக் கழித்தேன். இடம் தாராளமாகிவிட்டது. பூஜைக்கு வீட்டைக் கழுவிவிட்ட திருப்தி.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. காலையிலேயே அக்கா, தங்கச்சி இருவரையும் நிறுத்தி ஓய்வு கொடுத்தோம். சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு முழம் மல்லிகை. காற்று போகும் துளையில் குங்குமம் விழாமல் பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். சுவாமி அலமாரியில் சரஸ்வதி படம், ஸ்டெதாஸ்கோப், டியூனிங் ஃபோர்க், ரிஜிஸ்டர்கள், மஞ்சள் துணி மூட்டை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். சுண்டல் நன்றாக இருந்தது. இங்கே எனக்கு இது கடைசி பூஜை.

14 அக்டோபர், திங்கள்

பொன்சித்ராவின் குரலைத் தேடினேன். பெயர் இருக்கிறது. திறந்தால் ஒன்றும் இல்லை. அடுத்த பெயர், அதற்கடுத்தது, நூறு பெயர் திறந்து பார்த்தேன். 1998 முதல் 2009 வரை ஒன்றுமே இல்லை.

நான் வைத்துக்கொண்டதில் அந்த வருடங்களுக்கு வெறும் பெயர்தான் இருந்திருக்கிறது. விலாசம் எழுதிய காலி உறை மாதிரி. குரல் எல்லாம் 'பழசு' பெட்டியில். எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன், ஒன்றைக்கூடத் திறந்து கேட்கவில்லை.

தங்கச்சி இருக்கிறாளே என்று ஓடினேன். அக்காவில் ஏறுவதெல்லாம் அவளிடமும் ஏறும். அக்காவில் அழிவதெல்லாம் அவளிடமும் அழியும். நான் அழித்த ஐந்தாவது நிமிடம் அவளும் சமர்த்தாக அழித்திருக்கிறாள். ஒருத்தி படுத்தால் இன்னொருத்தி எழுவாளா என்றுதான் சோதித்தேன். நானே கை வைத்தால் என்ன ஆகும் என்று சோதிக்கவில்லை.

15 அக்டோபர், செவ்வாய்

காயலான் கடைக்குப் போனேன். சர்வரை அன்றே உடைத்துவிட்டார்கள். உடைக்காவிட்டாலும் என்ன, அழித்தவள் நான்தானே. மழையில் நனைந்தபடி திரும்பினேன். அழித்ததை மீட்கும் மென்பொருள் இரண்டைப் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தின் மேல் புதியவை ஏறிவிட்டன. வந்தது வெறும் இரைச்சல்.

டைரக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

16 அக்டோபர், புதன்

ஞானம் சாருக்குப் போன் செய்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. அவர் இருப்பது விருதுநகரில், பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். நம்பரை மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். மாற்றவில்லை.

"சொல்லுங்க மேடம்" என்றார். நேற்றுதான் பேசிவிட்டு வைத்தவர் மாதிரி.

விஷயத்தைச் சொன்னேன். பின்னால் மகள் வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"சாமி அலமாரியில சரஸ்வதி படத்துக்குப் பின்னாடி மஞ்சத் துணியில ஒரு மூட்டை இருக்கும். இன்னும் இருக்கா?"

"இருக்கு. பூஜைக்குப் பொட்டு வச்சேனே. பழைய ரிஜிஸ்டர்னு நெனச்சேன்."

"ரிஜிஸ்டர் இல்ல மேடம், டிஸ்க். மூணாவது காப்பி. மேசையில வச்சா யாராவது அழிச்சுட்டு வேற எதையாவது ஏத்துவாங்க. சாமிகிட்ட வச்சா நம்மாளுக தொட மாட்டாங்க. பொட்டு மட்டும்தான் வைப்பாங்க."

நான்கு சரஸ்வதி பூஜையிலும் நானேதான் அதற்குச் சந்தனம் வைத்திருக்கிறேன். ஒரு தடவையும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

"மூணு வருசமாச் சும்மா கெடந்தது, கெட்டிருக்கவும் செய்யலாம். சந்தனம் உள்ள போயிருந்தா ஒண்ணும் செய்ய முடியாது. மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு பகல் ஈரம் காய விடுங்க. அவசரப்பட்டுறாதீங்க."

நான் நன்றி சொல்வதற்குள் அவரே வைத்துவிட்டார்.

17 அக்டோபர், வியாழன்

காலையிலேயே மூட்டையை அவிழ்த்தேன். மூன்று முடிச்சு. உள்ளே பிளாஸ்டிக் உறை, அதற்குள் டிஸ்க், கூடவே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று. சந்தனம் துணியோடு நின்றுவிட்டது. பேச்சி அலமாரி முன்னால் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள். நானும் நின்றேன்.

ஈரம் காயட்டும் என்று காத்திருந்து, மாலை நான்கு மணிக்கு மாட்டினேன். ஒரு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பெயர்கள் வந்தன. ஒன்றைத் திறந்தேன். ஒரு பிள்ளை அழுதது. இன்னொன்றைத் திறந்தேன், அதுவும் அழுதது. பிள்ளை அழுவதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. பிறகு நானும் அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

டிஸ்கில் கடைசியாக ஏறியதன் நேரத்தைப் பார்த்தேன். 30 செப்டம்பர் 2021, மாலை 5.42.

அது அவருடைய கடைசி நாள். ஐந்து மணிக்கு ஹாலில் அவருக்கு வழியனுப்பு டீ. மாலை, சால்வை, வடை எல்லாம் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அவர் வரவே இல்லை. அவருக்குக் கோபம், வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார் என்று நினைத்து நான் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போய்விட்டேன்.

18 அக்டோபர், வெள்ளி

அந்த டிஸ்கில் இன்னொன்றையும் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

21 அக்டோபர், திங்கள்

பொன்சித்ரா, மாமியார், பையன். மாமியார் காது நிறையத் தோடும் முகம் நிறையச் சந்தேகமுமாக உட்கார்ந்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

முதலில் ஃபேன் இரைச்சல். பிறகு என் குரல். "ஃபேன நிறுத்துங்க சார், ஒரே இரைச்சலா இருக்கு." ஞானம் சார் குரல். "நிறுத்துனா பாப்பாவுக்கு வேர்க்கும் மேடம். எனக்கும் வேர்க்கும்." நான் சிரிக்கிறேன். முப்பத்து மூன்று வயதில் அப்படிச் சிரித்திருக்கிறேன். மறந்தே போயிருந்தது. பிறகு அவர், "பாப்பா, இங்கிட்டுப் பாரு, இங்கிட்டு" என்கிறார். மேசையில் டப்பாவைத் தட்டுகிறார். அதற்குப் பதிலாகக் குழந்தையிடமிருந்து தொண்டைக்குள் உருளும் ஒரு நீளச் சத்தம்.

மாமியார் நிமிர்ந்தார். மடியில் இருந்த பேரனைப் பார்த்தார். அவனும் சரியாக அந்த நேரத்தில் அதே சத்தத்தைப் போட்டான்.

"இவன் கத்துற மாதிரியேல்ல இருக்கு" என்றார்.

"அது நாந்தான் அத்தே" என்றாள் பொன்சித்ரா.

அடுத்து, பதினோரு மாதம் கழித்து எடுத்தது. வெளியே ஹாரன் அடிக்கிறது. குழந்தை, "பஸ்" என்கிறது. ஞானம் சார் கத்துகிறார், "மேடம், கேட்டீங்களா, பஸ்ஸுங்குது." அவளுடைய அம்மா அழும் சத்தம் கேட்கிறது.

மாமியார் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. அப்புறம் மருமகளைப் பார்த்து, "இத மொதல்லயே காட்டியிருந்தா நான் ஏன்டி மறிக்கப்போறேன்" என்றார். டிசம்பர் முதல் வாரத்தில் ஆபரேஷன்.

அவர்கள் போனபின் எனக்காக ஒரு தடவை போட்டுக் கேட்டேன். ஃபேன் பேச்சும் என் சிரிப்பும் முடியும் இடம் வரைக்கும்தான்.

24 அக்டோபர், வியாழன்

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

2021 செப்டம்பரில் நிர்வாகக் கூட்டம். ஞானம் சாருக்கு வயது முடிகிறது, ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் நீட்டிக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். அதற்கு முந்தின வாரம்தான் வெளியாட்கள் முன்னால், "மேடத்துக்கு வயர் மாட்டத் தெரியும், கழட்டி வைக்கத் தெரியாது" என்று சொல்லியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த எரிச்சல் எனக்கு ஆறவில்லை. "மூன்றாவது பிரதி என்பது பழைய காலத்துப் பழக்கம். அதற்காக ஓர் ஆளை வைத்திருக்கத் தேவையில்லை" என்றேன். அவ்வளவுதான். நீட்டிப்பு இல்லை.

ரிடையர் ஆகிவிட்டார் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை.

கூட்டக் குறிப்பின் வரைவில் என் பெயரும் நான் சொன்னதும் அப்படியே இருந்தன. என் பெயரை எடுத்துவிட்டு, 'கூட்டம் முடிவு செய்தது' என்று மாற்றச் சொன்னேன். அவர் போன மறுவாரம் வரைவையும் சர்வரிலிருந்து அழித்தேன். அழித்தது தெரியாதபடி அழித்தேன்.

பதினெட்டாம் தேதி அந்த டிஸ்கில் நான் பார்த்தது அதைத்தான். மற்ற எல்லாவற்றையும் போல அதுவும் பத்திரமாக இருக்கிறது.

30 அக்டோபர், புதன்

நாளை தீபாவளி, அதனால் வழியனுப்பு டீ இன்றே. பொன்சித்ரா காலையிலேயே பையனோடு வந்து ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிட்டுப் போனாள்.

புது டிஸ்க் வாங்கியிருந்தேன். எல்லாம் முதலிலிருந்து ஏற வேண்டும். கணக்குப்படி நான்கு மணிக்கு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை.

நாலரைக்கு அறைக் கதவு திறந்தது. ஞானம் சார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. கையில் காராச்சேவுப் பொட்டலம். அழைத்தது நான்தான், ஆனால் வருவார் என்று நினைக்கவில்லை. ஆடும் நாற்காலியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எந்தக் கால் ஆடுமோ அந்தப் பக்கம் ஊன்றாமல் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார்.

"தங்கச்சி வந்துட்டா போல."

"வந்துட்டா. மூணாவதும் வருது."

பேச்சி வந்து, "அக்கா, டைரக்டர் கூப்புடுறாரு, மாலையெல்லாம் ரெடி" என்றாள். பத்து நிமிடம் என்றேன்.

இப்போது விட்டால் இனிமேல் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"சார், 2021 மீட்டிங்ல உங்கள வேணாம்னு சொன்னது..."

"தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"காப்பி போகயில ஃபைல் பேரு ஒண்ணொண்ணா ஓடும்ல. 'கூட்டக் குறிப்பு, வரைவு'ன்னு ஓடுச்சு. தொறந்து பாத்துட்டேன். ஆபீஸ் ஃபைல், பாத்தது தப்புதான்."

"கடைசி நாளேவா? தெரிஞ்சுமா மிச்சத்தையும் காப்பி போட்டீங்க?"

"பாதி ஏறியிருந்துச்சு. நடுவுல நிறுத்துனா டிஸ்கு கெட்டுரும்ல."

"ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேக்கணும்னுதான் எந்திரிச்சு வந்தேன். அஞ்சே முக்கால் ஆயிருச்சு. நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்க."

"மன்னிச்சிருங்க சார்."

அவர் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார். "சேவு நமத்துரும், சாப்பிடுங்க" என்றார்.

பேச்சி இரண்டாம் தடவை வந்து போனாள். திரையில் 2021 ஓடிக்கொண்டிருந்தது. பழைய டிஸ்கில் இருந்த அந்த வரைவை, குரல்களோடு சேர்த்து நான் போன வாரமே அக்காவில் திரும்ப ஏற்றியிருந்தேன். பெயர் வந்து ஒரு நொடி நின்றது. இருவரும் பார்த்தோம்.

"வேணும்னா இத மட்டும் விட்டுட்டுப் போடலாம் மேடம்" என்றார்.

"வேணாம் சார். இருக்கட்டும்."

முடிந்தபோது ஐந்து ஐம்பது. வயரைக் கழற்றினேன். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை வைத்து, மஞ்சள் துணியில் சுற்றினேன். மூன்று முடிச்சையும் அவர் போட்டார். சரஸ்வதி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று துணிமேல் பெரிய எழுத்தில் எழுதினேன்.

ஹாலில் பாதிப் பேர் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். டீ ஆறிப்போயிருந்தது. பேச்சி சுடவைத்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் அதையே குடித்தோம்.